செல்வத்துக்கு, ஆறாவது டெஸ்ட்டுக்கு முன்னால்

அன்புள்ள செல்வம்,

அந்த ஆணுறை கிழிந்த நாளுக்குப் பிறகு நீ செய்து அனுப்பிய ஐந்து எச்.ஐ.வி. ரிப்போர்ட்டும் கிடைத்தன. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. "ஒண்ணுமில்லடா, தூங்கு" என்று ஒரு வரி போட்டால் அது உனக்கு ஒரு ராத்திரிக்குக்கூடத் தாங்காது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். ஜோசப்பும் நலம், இன்னும் அந்தக் குடைக்கு உன்னிடம்தான் கணக்குக் கேட்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு எச்.ஐ.வி. இல்லை. "அநேகமாக" என்றெல்லாம் இழுக்காமல் சொல்கிறேன், இல்லை. ஏன் என்பதை உன் ரிப்போர்ட்டுகளை வைத்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வைரஸ் உடம்புக்குள் போனதும் முதல் பத்து நாள் வாக்கில் எந்த டெஸ்ட்டிலும் சிக்காது. பிறகு முதலில் அதன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. ரத்தத்தில் தெரியும், சில நாளில் பி24 என்ற அதன் புரதம், அதற்கப்புறம் அதை எதிர்க்க நம் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி. ஆணுறை கிழிந்த அன்றிலிருந்து எண்ணி 20ஆம் நாள் நீ செய்த ரேபிட் கார்டு டெஸ்ட் ஆன்டிபாடியை மட்டும் பார்ப்பது. அதற்கு 23 நாளிலிருந்து 90 நாள்வரை ஆகலாம். ஆகவே அந்த முதல் ரிப்போர்ட்டை நானும் கணக்கில் எடுக்கவில்லை, கிழித்துப் போடு. 34ஆம் நாள் கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்த்தது நான்காம் தலைமுறை டெஸ்ட். ஆன்டிபாடி, பி24 இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது. அதற்கு 18 முதல் 45 நாள். அன்றைக்கே பெரும்பாலும் முடிந்துவிட்ட கதை, 52ஆம் நாள் அதே மாதிரி டெஸ்ட்டில் முழுசாகவே முடிந்தது. 93ஆம் நாள் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் பார்த்தது, மூன்று மாதக் கெடுவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் போதும். 110ஆம் நாள் செய்ததற்கு மருத்துவக் காரணம் எதுவுமே இல்லை.

யாரோ ஆறு மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதி என்றார்களாம். 1985இல் வந்த முதல் எலிசா கிட்டுகள் ஆன்டிபாடி நன்றாக ஏறிய பிறகுதான் பிடிக்கும், அந்தக் காலத்துக் கணக்கு வாய்வழியாக இன்னும் ஓடுகிறது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக்கொண்டு, 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் போட்டவர்களுக்குக் கெடு நீளும், ஏனென்றால் மாத்திரை எல்லாவற்றையும் தள்ளிப்போடக்கூடும். நீ அந்த மாத்திரை போடவில்லை. புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர் என்றால் டாக்டர் வேறு மாதிரி யோசிப்பார். நீ போட்டது சளிக்கு ஆன்டிபயாடிக்கும் சுகர் மாத்திரையும்தானே? அவை டெஸ்ட்டை எதுவும் செய்யாது. முந்தின நாள் குடித்ததும் வெறும் வயிற்றில் போகாததும்கூட அப்படித்தான்.

இப்போது லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த எண்கள். 0.09, 0.14, 0.22 என்று ஏறுகிறது என்று சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். செல்வம், அது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு இல்லை. மெஷின் உன் ரத்தத்தோடு ரசாயனம் கலந்து அதிலிருந்து வரும் ஒளியை அளக்கிறது. வைரஸே இல்லாத ரத்தத்திலும் கொஞ்சம் வெறும் ஒளி இருக்கும். அந்த ஒளியை, மெஷினுக்கு வைத்திருக்கும் எல்லை அளவால் வகுத்து வரும் விகிதம்தான் அந்த எண். 1.00க்குக் கீழே இருந்தால் எல்லாம் ஒன்றுதான். ஒரே டியூபை ஒரே காலையில் இரண்டு தடவை ஓட்டினாலும் இரண்டு எண் வரும். கிட்டின் பேட்ச் மாறினால், மெஷினைப் புதிதாகச் சரிபார்த்தால், லேப் மாறினால் எண்ணும் மாறும். நீயோ மூன்று லேபில் எடுத்து ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறாய். உண்மையிலேயே தொற்று இருந்திருந்தால் அது இரண்டரை மாதமாக எறும்பு மாதிரி ஊர்ந்து 0.22க்கு வராது. ஆன்டிபாடி தலைகாட்டிய கொஞ்ச நாளிலேயே ஒன்றைத் தாண்டிப் பத்து, நூறு என்று எகிறிவிடும்.

34ஆம் நாள் பணத்தைக் கொட்டி ஆர்.என்.ஏ.வும் பார்த்திருக்கிறாய், அதுவும் ஒன்றும் தென்படவில்லை என்றுதான் வந்தது. தொற்றின் தொடக்கத்தில் வைரஸ் ஏறக்குறைய நாளுக்கு இரு மடங்காகப் பெருகும். ஐந்தாவது வாரத்தில் ஒரு மில்லி ரத்தத்தில் ஆயிரம், லட்சம் என்று இருந்திருக்க வேண்டிய நேரம் அது. "சிலருக்கு மருந்தில்லாமலே வைரஸ் தெரியாதாமே" என்று கேட்டாய். அப்படிப்பட்டவர்கள் உண்டு, மிக அபூர்வம். அவர்களுக்கும் ஆன்டிபாடி பளிச்சென்று பாசிட்டிவ் வரும். உனக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

டியூப் மாறியிருக்குமோ என்ற உன் சந்தேகத்தை நான் தள்ளிவிடவில்லை, லேபில் நடக்கக்கூடியதுதான். அதனால்தான் உன் முன்னாலேயே பெயரும் நம்பரும் கேட்டு டியூபில் ஒட்டுகிறார்கள். ஆனால் ஐந்து தேதியில், வேறு வேறு இடங்களில், ஐந்து தடவையும் உன் டியூப் மட்டும் மாறியிருக்க வேண்டும் என்றால் நீயே யோசி. நம்பிக்கை மையத்தில் முதல் கிட்டில் நெகட்டிவ் வந்ததும் விட்டுவிட்டார்கள், மூன்று கிட் போடவில்லை என்று குறைப்பட்டிருந்தாயே, அதுதான் முறை. முதல் கிட் எதையும் தவறவிடாதபடி தேர்ந்தெடுத்தது. அதில் ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று வந்தால்தான் உறுதிப்படுத்த இரண்டாவதும் மூன்றாவதும். உன்னிடம் சோம்பல்பட்டு அனுப்பவில்லை.

கழுத்தில் நெரிகட்டி, நாக்கில் வெள்ளை என்கிறாய். தினம் எத்தனை தடவை அந்தக் கட்டியை அழுத்திப் பார்க்கிறாய்? விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தால் யார் கழுத்தும் வலிக்கும். செல்போன் டார்ச்சில் பார்த்தால் எல்லார் நாக்கும் வெள்ளைதான். எச்.ஐ.வி.யால் ஆரம்பத்தில் காய்ச்சலும் நெரியும் வந்தால் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் வரும். அந்த நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். அப்படி ஒரு கட்டி இத்தனை நாள் நீடிக்க, டெஸ்ட் மட்டும் நெகட்டிவாகவே இருக்க வழியில்லை. கட்டி போகவில்லை என்றால் பல்லையும் தொண்டையையும் டாக்டரிடம் காட்டு.

ஆணுறை கிழிந்தது ஒரு தடவை. அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், ஆணுக்கு அப்படி ஒரு முறையில் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் நாலு அளவில்தான். அவருக்கு இருந்தது என்று உனக்கு யாரும் சொல்லவும் இல்லை. நீயாக முடிவு கட்டிவிட்டாய். இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: உனக்கு ஒரு தண்டனை வந்தே தீர வேண்டும் என்று உள்ளுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறாய், லேப் அதில் கையெழுத்துப் போட மறுக்கிறது. எத்தனை டியூப் ரத்தம் கொடுத்தாலும் போடாது. உன் மனைவி மல்லிகாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் மனசாட்சியின் விஷயம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் நோயைச் சாக்காக வைத்து ஹாலில் படுக்காதே. சுகர் டெஸ்ட் என்று சொல்லி அவள் ரத்தத்தை இதற்குக் கொடுக்கும் யோசனையை இன்றோடு விடு. சம்மதமில்லாமல் ஒருவருக்கு எச்.ஐ.வி. பார்ப்பது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படியே கூடாது. அவளுக்குச் செய்யும் துரோகம் அதுதான், செல்வம். மேலும், உனக்கு இல்லாததை நீ எப்படி அவளுக்குக் கொடுத்திருக்க முடியும்?

நீ இதுவரை பார்க்காத ஒன்றைப் பார். எச்.ஐ.வி.க்கு ஐந்து தடவை ஓடிய நீ சிபிலிஸுக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி-க்கும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அரசு ஆஸ்பத்திரி தோல், பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போய், நாள் கணக்கைச் சொல்லி, ஒரே தடவையில் மூன்றையும் முடித்துவிடு. ஹெபடைட்டிஸ் பி நெகட்டிவ் என்றால் அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொள், இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

பிறகு மனநல டாக்டரைப் பார். ரிப்போர்ட் வந்தால் நாலு நாள் நிம்மதி, ஐந்தாம் நாள் பழையபடி சந்தேகம், மறுபடி லேப். இந்தச் சுழற்சிக்கே தனி வைத்தியம் இருக்கிறது. சரிபார்க்கும் கை துறுதுறுக்கும்போது பார்க்காமல் தாங்கப் பழக்குவார்கள், தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். மாத்திரை பிடிபடச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதே. எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097க்குத் திரும்பத் திரும்பப் போன் செய்வதை விட்டு 14416க்குப் பேசு. அது மனநலத்துக்கான இலவச எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இனி ரிப்போர்ட் எதுவும் எனக்கு அனுப்பாதே, அனுப்பினாலும் திறக்க மாட்டேன். டாக்டரைப் பார்த்த தேதியை மட்டும் எழுது. கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் சொல், லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
பாண்டி