வித்யாவுக்கு, ஷோகேஸ் விஷயமாக

கும்பகோணம்
வைகாசி 18

அன்புள்ள வித்யாவுக்கு,

அப்பா எழுதுவது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அனுப்பிவிட்டு அந்த நீலக் குறி விழுகிறதா என்று ராத்திரி பூராவும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அம்மா திட்டுவாள். தபாலில் போட்டால் அந்த வம்பு இல்லை. நீ படித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் அது சௌகரியம்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள். ஸ்டூடியோ இடத்தில் இருக்கும் செல்போன் கடைக்காரர் இந்த மாத வாடகையைத் தந்துவிட்டார்.

உன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கடைசியாகப் படம் போட்டது சித்திரை 9. இன்றோடு 40 நாள். தினமும் காலையில் காபி குடித்ததும் திறந்து பார்க்கிறேன், அதே மஞ்சள் புடவைப் பெண் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இந்நேரம் கால் மரத்துப் போயிருக்கும். உனக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. வைகாசி வளர்பிறையில் ஒரு முகூர்த்தத்தையும் விட்டிருக்க மாட்டாய், விடியற்காலை நாலரைக்கு ஒரு மண்டபம், சாயங்காலம் இன்னொரு மண்டபத்தில் ரிசப்ஷன், நடுவில் காரிலேயே தூக்கம். இதெல்லாம் நான் பார்க்காததா? அதனால்தான் சொல்கிறேன்.

‘சீசன் முடியட்டும்பா, ஆடியில் மொத்தமாப் போட்டுக்கலாம்’ என்று போன வருஷமும் சொன்னாய். ஆடியில் போட்டாய், சரி. ஆவணிக்கும் ஐப்பசிக்கும் புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்று நீயே சொல். இன்றைக்குக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறவர்கள்தான் நாளைக்குத் தங்கள் வீட்டில் கல்யாணம் வைக்கப்போகிறவர்கள். பந்தியில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டபடி ‘யார் அந்த போட்டோக்காரப் பொண்ணு’ என்று விசாரிக்கிற அம்மாள் அன்று ராத்திரியே போனில் உன் பேரைத் தேடுவாள். 40 நாளாக ஒன்றும் இல்லை என்றால், கடையை மூடிவிட்டாள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பாள். கை நிறைய வேலை இருப்பதால்தான் போடவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் ஆடியில் ஜாதகம் பார்த்து முடித்து ஆவணிக்குத் தேதி குறிக்கும்போது உன் பேர் ஞாபகத்தில் இருக்க வேண்டும் என்றால் இப்போது உன் கடை திறந்திருக்க வேண்டும்.

நம் ஷோகேஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். நாகேஸ்வரன் கோவிலுக்குப் போகிற ஜனம் அத்தனையும் அதைத் தாண்டித்தான் போகும். வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் முதல் வேலை படம் மாற்றுவது. வைகாசியில் மூன்று நாள் தூங்காமல் வந்து நின்ற வெள்ளிக்கிழமையிலும் மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டால் மேற்கு வெயிலில் படம் வெளிறிப்போகும், அது ஒன்று. வெளிறின படத்தைப் பார்த்தால் கடைக்காரனும் வெளிறிவிட்டான் என்று ஊர் நினைக்கும், அது இன்னொன்று.

செவ்வாய்க்கிழமை உட்கார். நம் ஜனங்கள் செவ்வாயில் கல்யாணம் வைப்பதில்லை. சனிக்கிழமையிலும் முகூர்த்தம் கிடையாது, ஆனால் ஞாயிறு முகூர்த்தத்துக்குச் சனி சாயங்காலமே ரிசப்ஷன் வந்துவிடும், அந்த நாள் உனக்குக் கிடைக்காது. செவ்வாய் மட்டும்தான். இரண்டு மணி நேரம் போதும். இப்போதெல்லாம் படத்தை இன்றைக்கே ஏற்றி, எந்த நாள் எந்த நேரம் வெளியே போக வேண்டும் என்று குறித்து வைத்துவிடலாமாமே, 75 நாள் வரை முன்கூட்டி வைக்கலாம் என்று செல்போன் கடைப் பையன் என் போனிலேயே காட்டினான். எனக்கு அப்படி ஒரு ஷோகேஸ் இருந்திருந்தால் நான் எவ்வளவோ தூங்கியிருப்பேன்.

ஒரு கல்யாணத்தில் 3000 படம் எடுக்கிறோம் என்று நீதான் சொன்னாய். எனக்கு ரோலுக்கு 36, கல்யாணத்துக்கு மூன்று ரோல், அதிலும் மாமாக்கள் குரூப் போட்டோவுக்கே ஒன்று போய்விடும். 3000-இல் பத்து எடுக்க முடியாதா? மருதாணிக் கை ஒன்று. ஜடையில் தாழம்பூ வைத்துப் பின்னினது ஒன்று. நலங்கில் அப்பளம் உடைக்கிறது. அட்சதை காற்றில் நிற்கிற நொடி. பந்தியில் பாயசம் ஊற்றுகிறவர் முகம். ஒரே கல்யாணம் ஒரு மாசத்துக்கு வரும். எல்லாவற்றுக்கும் கலர் சரிபண்ணி, பாட்டுப் போட்டு, ரீல்ஸ் ஆக்கித்தான் வெளியே விட வேண்டும் என்று உட்கார்ந்தால் சீசனில் நடக்காது. முகூர்த்தம் முடிந்து டிபன் சாப்பிடப் போகும் முன்பே பத்துப் படத்துக்கு நட்சத்திரம் போட்டு வைத்துக்கொள். பூ அலங்காரம் பண்ணினவர், பெண்ணுக்கு மேக்கப் போட்டவர், மண்டபக்காரர் பேரையும் சேர்த்துப் போடு, அவர்களும் தங்கள் பக்கத்தில் பகிர்வார்கள், உனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆனால் பெண் வீட்டிலும் பிள்ளை வீட்டிலும் கேட்டுவிட்டுப் போடு. கேட்காமல் ஒரு பெண்ணின் படத்தை ஷோகேஸில் வைத்து, அவள் மாமனார் வந்து நடுத்தெருவில் நிற்கவைத்துக் கேட்டதை நீ கேட்டதில்லை. அம்மா கேட்டாள்.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டுமா என்றும் தோன்றுகிறது. போன மாசம் நம் தெருவில் ஒரு கல்யாணப் பேச்சு. அவர்கள் வீட்டுப் பெண் உன் பக்கத்தை என்னிடமே கொண்டுவந்து காட்டி, இந்த மாதிரி எடுக்க இங்கே யாராவது இருக்கிறார்களா மாமா என்று கேட்டாள். என் மகள் என்றேன். நம்பவில்லை. உங்கள் படம் மாதிரியே இல்லையே என்றாள். அதற்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் இரண்டும் பட்டேன். அந்தப் பெண்ணுக்கு உன் நம்பரைக் கொடுத்தேன். மூன்று தடவை கூப்பிட்டாளாம், நீ எடுக்கவில்லையாம். என் போனைத்தான் எடுப்பதில்லை, வருகிற கிராக்கியின் போனையாவது எடுக்க வேண்டாமா?

ஒன்று கேட்கலாமா. வேண்டாம், சொல்கிறேன். தாலி கட்டும்போது ஒரு கேமரா முடிச்சுப் போடுகிற கையில் இருக்க வேண்டும், இன்னொரு கேமரா பெண்ணின் அம்மா முகத்தில் இருக்க வேண்டும். கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் எவ்வளவு, உனக்கே தெரியும். இரண்டையும் ஒரே ஆள் எடுக்க முடியாது, 35 வருஷம் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். உங்கள் பக்கத்தில் எப்போதும் இரண்டும் இருக்கும். மாப்பிள்ளை தரையோடு தரையாக உட்கார்ந்து குத்துவிளக்கை முன்னால் மங்கலாக விட்டு எடுப்பார், அது அவர் கை, எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். மாசிக்கு அப்புறம் நீ போட்ட மூன்று கல்யாணத்திலும் அம்மா முகம் இல்லை. குத்துவிளக்கு இல்லை. பிள்ளை வீட்டார் அறையில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து. படம் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. பக்கத்தின் பேரில் முன்பெல்லாம் இரண்டு பேர் இருக்கும், இப்போது ஒன்றுதான் இருக்கிறது. டிசைனுக்காக மாற்றியிருப்பாய்.

அவருக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. வெயில் அதிகம். இளநீர் குடிக்கச் சொல்.

சரி, செவ்வாய்க்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மணி நேரம். காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். ஷோகேஸ் பழசாகக் கூடாது. நான் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வாராவாரம் மாற்றினேன் என்பது முழு உண்மை இல்லை. ஒரு படத்தை எட்டு மாசம் மாற்றவில்லை.

பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு பெரிய ஃபிரேம் இருக்கிறதே, சின்ன வயதில் நீ இழுத்துப் பார்க்கப்போய் அம்மாவிடம் அடி வாங்கினாயே, அதுதான். 1992 மகாமகத்துக்கு நான் பத்து நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை, குளத்தைச் சுற்றியே கிடந்தேன். அது முடிந்ததும் பங்குனி, சித்திரை என்று கல்யாணம் வரிசை கட்டி நின்றது. வைகாசியில் மன்னார்குடித் தாத்தா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்தன்று சாயங்காலம் ஒரு ரிசப்ஷனுக்கு நான் முன்பணம் வாங்கியிருந்தேன். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. பந்தி முடிவதற்குள் கேமரா பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பி பஸ் பிடித்தேன். அம்மா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இங்கே திரும்பி வரவும் இல்லை.

பாட்டிக்குத் துணையாக இருக்கத்தான் அந்த வருஷம் உன்னை மன்னார்குடிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். பாட்டிக்குத் துணை வேண்டியிருந்தது, அது பொய் இல்லை.

சீசன் முடியட்டும், போய் அழைத்துவரலாம் என்று இருந்தேன். முடிந்தது. ஆடி வந்தது, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன், அப்போதும் போகவில்லை. முப்பது கிலோமீட்டர் சொச்சம், தினம் பத்து பஸ். போகாததற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா, நீயும் அம்மாவும் பொங்கலுக்கு எடுத்த படத்தைப் பெரிசாகப் போட்டு ஷோகேஸ் நடுவில் மாட்டினேன். தெருவில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பதற்காக. யாரும் கேட்கவும் இல்லை. எவ்வளவு லட்சணமான குடும்பம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுற்றியிருந்த படங்களை வெள்ளிக்கிழமை தோறும் மாற்றினேன், கண்ணாடியைத் துடைத்தேன், அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. எட்டு மாசமும் நீங்கள் இருவரும் அங்கே சிரித்துக்கொண்டிருந்தீர்கள், நான் உள்ளே ஹோட்டல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தை மாசம் அம்மா தானாகத்தான் வந்தாள். நான் போய் அழைத்துவரவில்லை. ரிக்ஷாவிலிருந்து இறங்கினதும் முதலில் பார்த்தது அந்தப் படத்தைத்தான். தானே கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் இரண்டு பேரும் பேசினதில்லை.

உன்னிடம் எதையும் கேட்கவில்லை. படம் போடு, போடாமல் இரு, உன் தொழில், உனக்குத் தெரியும். 40 நாளாக நீ அங்கே ஒன்றும் மாட்டாமல் இருப்பது ஒருவேளை என்னைவிட நீ நல்லவள் என்பதால் இருக்கலாம் என்று நேற்று ராத்திரி தோன்றியது. காலையில் மறுபடியும் அந்த மஞ்சள் புடவைப் பெண்ணைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது.

அம்மாவிடம் உன் பக்கம் பற்றி எதுவும் சொல்லவில்லை. பேத்திக்கு வளையல் வாங்கவேண்டும் என்று கேட்டாள், அளவு தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. தாம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்வேன், நீ வரவேண்டாம், தூங்கு. ஞாயிறு முகூர்த்தம் முடிந்து வந்திருப்பாய். வெளியே போவதாக இருந்தால் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போ. நீ எழுந்ததும் அந்த 3000 படத்தைத் திறந்து வை, பத்து எடுத்துத் தருகிறேன், என் கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை, படம் மட்டும் பார்க்கலாம்.

அம்மா மாவடு கொடுத்து அனுப்புகிறாள். பெரிய ஜாடி, மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று காரம் தூக்கலாகப் போட்டிருக்கிறாள். கெடாது, இருக்கட்டும்.

அப்பா