சமூகப்பணிப் பட்டம்: களப்பணியைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் இளங்கலைச் சமூகப்பணிக்கு, அதாவது பி.எஸ்.டபிள்யூ.வுக்கு, ஒரே வரிதான் கிடைக்கிறது: ‘பள்ளி இறுதித் தேர்வில் எந்தப் பிரிவில் தேறியவரும் சேரலாம்.’ பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இந்தப் படிப்பில் மாணவர்கள் சறுக்குவது சேர்க்கையில் அல்ல, களப்பணியில், அதாவது ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையின்கீழ் செய்யும் செய்முறைப் பயிற்சியில். அதைப் பற்றிப் பேச்சே எடுக்காத வழிகாட்டியால் யாருக்கு என்ன பயன்?

சேர்க்கையிலும் சில நெளிவுசுளிவுகள் உண்டு. அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களில் கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு, சமூகப்பணித் துறையில் இடம் கிடைப்பது வேறு. உளவியல், சமூகவியல், புள்ளியியல் போன்ற அறிமுகப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு, துறைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கணக்குக்குப் பயந்து புள்ளியியலைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இங்கேயே ஓராண்டு போய்விடும். விண்ணப்பத்தோடு தரும் தன்விளக்கக் கட்டுரையில் ‘மக்களுக்குச் சேவை செய்ய ஆசை’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. எந்த மக்களுடன் என்ன வேலை செய்ய விருப்பம், அது எவ்வளவு கடினம் என்று தெரியுமா என்பதைத்தான் தேர்வுக் குழு பார்க்கும்.

காவல்துறைச் சரிபார்ப்பு இன்னொன்று. பழைய வழக்கு இருந்தாலே கதவு அடைபடும் என்பதில்லை. மறைத்தால்தான் சிக்கல். குழந்தைகள் காப்பகமோ மருத்துவமனையோ களப்பணிக்கு எடுக்கும் முன் மீண்டும் சரிபார்க்கும். அப்போது வெளிவந்தால் இரண்டு ஆண்டுப் படிப்பு அந்தரத்தில் நிற்கும். மருத்துவமனைகள் தடுப்பூசிச் சான்றும் கேட்பதுண்டு.

இனி களப்பணி. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் படிப்புக்குக் குறைந்தது 400 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் 1,000 மணி நேரம், இங்கிலாந்தில் 200 நாள். அந்த 200-இல் அதிகபட்சம் 30 நாள் திறன் பயிற்சியாக இருக்கலாம். 400 மணியை 30 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 13 மணிக்கு மேல் வரும், அதாவது ஏறக்குறைய இரண்டு முழு வேலைநாள். பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைச் சேரும் முன்பே போட்டுப் பார்க்க வேண்டும். பொதுவாகப் பயண நேரம் கணக்கில் சேராது. ‘ஏற்கெனவே தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்திருக்கிறேனே’ என்பதும் செல்லாது. முந்தைய பணி அனுபவத்தைப் படிப்புக்கோ களப்பணிக்கோ ஈடாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அமெரிக்க அங்கீகார விதி. பாடங்கள் இணையவழி நடந்தாலும், களப்பணியைப் பெரும்பாலும் நேரில் ஒரு நிறுவனத்தில்தான் செய்தாக வேண்டியிருக்கும்.

மணிநேரம் முடிந்தால் மட்டும் போதாது, பதிவேடும் வேண்டும். வாரந்தோறும் மேற்பார்வையாளர் கையெழுத்து வாங்காமல் பருவ இறுதியில் மொத்தமாக நீட்டினால், இடையில் அவர் வேலை மாறியிருந்தால், அந்த மணிநேரத்துக்குச் சாட்சி இல்லை. அறிக்கையில் ‘குடும்பத்தினர் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. யார் என்ன சொன்னார், மாணவர் என்ன கேட்டார், அப்போது அவருக்கு என்ன தோன்றியது, மூன்றும் தனித்தனியே வர வேண்டும். ‘அடுத்த வாரம் வாருங்கள் என்று தாய் இரண்டு முறை சொன்னார், உள்ளே கணவர் இருந்தார்’ என்று எழுதியிருந்தால், அது ஒத்துழையாமையா அச்சமா என்று மேற்பார்வையாளர் கேட்க முடியும். அந்தக் கேள்விதான் பாடம். பயனாளியின் பெயரை அறிக்கையில் எழுதுவது, படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது இரண்டும் ரகசியக் காப்பு மீறல். நன்றாகப் படிக்கும் மாணவரும் இதில் களப்பணியை இழக்கலாம்.

களப்பணியும் அதையொட்டிய வகுப்பும் பல கல்லூரிகளில் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஆண்டுக்கு ஒரு முறைதான் தொடங்கும். இடையில் விலகினால் துணைத்தேர்வு எழுதிச் சரிக்கட்ட முடியாது, அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். நிறுவனத்தில் பிரச்சினை என்றால் வராமல் நின்றுவிடாமல், துறையின் களப்பணி ஒருங்கிணைப்பாளருக்கு எழுத்தில் தெரிவித்து மாற்றிடம் கேட்க வேண்டும்.

பட்டத்தின் மதிப்பும் அங்கீகாரத்தைப் பொறுத்ததே. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பி.எஸ்.டபிள்யூ. முடித்தவரை முதுகலையில் சுருக்கிய காலப் படிப்பில் பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கின்றன. அங்கீகாரம் இல்லாத பட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இங்கிலாந்தில் பதிவு பெறாதவர் ‘சோஷியல் ஒர்க்கர்’ என்று தன்னை அழைத்துக்கொள்வதே சட்டப்படி குற்றமாகலாம்.

அடுத்த வழிகாட்டிப் பக்கத்தில் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே மூன்று விவரங்களையும் அச்சிடுமாறு வேண்டுகிறோம்: களப்பணி எத்தனை மணி நேரம், இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா மாணவரே தேட வேண்டுமா, அங்கீகாரம் எந்த ஆண்டுவரை செல்லும்.

இப்படிக்கு,
சமூகப்பணிக் களப்பயிற்சி மேற்பார்வையாளர்கள்