‘ஓகே’ என்ற பதில் போதாது

ஆசிரியருக்கு வணக்கம். விமானிகளுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையே நேரும் பேச்சுக் குழப்பம் பற்றிய தங்கள் தலையங்கம், ஆங்கிலப் பயிற்சிக் குறைவே காரணம் என்கிறது. அது பாதி உண்மைதான். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் கே.எல்.எம்., பான் ஆம் என்ற இரு விமான நிறுவனங்களின் ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை, காதுதான் கண். ‘நாங்கள் இப்போது டேக் ஆஃபில்’ (மேலெழும்புவதில்) என்றார் கே.எல்.எம். துணை விமானி. கோபுரத்திலிருந்து வந்தது ‘ஓகே’. ‘பொறுங்கள், அழைக்கிறேன்’ என்று தொடர்ந்த சொற்கள், அதே நொடியில் பான் ஆம் விமானியும் பேசியதால் இரைச்சலில் அமுங்கிப்போயின; கே.எல்.எம். விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ மட்டும்தான். அப்புறம்தான், அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர ‘டேக் ஆஃப்’ என்றே சொல்லக் கூடாது என்ற விதி வந்தது.

நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். லைன் கிளியர், அதாவது அடுத்த நிலையத்திலிருந்து வண்டி வரலாம் என்ற அனுமதி, கொடுக்கும்போது வண்டி எண்ணைத் திருப்பிச் சொல்லி, அதற்கு அத்தாட்சியான ரகசிய எண்ணை (பிரைவேட் நம்பர்) மாற்றிக்கொண்டு, பதிவேட்டில் எழுதுவோம். ஒரு மழை இரவில் நான் ஓர் இலக்கத்தைத் தவறாகக் கேட்டேன். திருப்பிச் சொன்னதும் ‘இல்லை சார்’ என்று எதிர்முனை தடுத்தது. விமானிகளையும் கட்டுப்பாட்டாளர்களையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே வகுப்பில் உட்காரவைத்து, இத்தகைய ஒலிப்பதிவுகளைக் கேட்கச் செய்ய வேண்டும். ‘தவறாகக் கேட்டுவிட்டேன்’ என்று தாமாக முன்வந்து சொல்பவரைத் தண்டிக்கவும் கூடாது.

- ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விருத்தாசலம்