விகுதி ஓரிடம், அசை வேறிடம்

அன்புள்ள கதிர்,

கடிதமும் பிரெஞ்சு மெய்ப்புப் பக்கங்களும் கிடைத்தன. நீ சுழித்திருக்கும் வரிமுறிவுகளில் பாதிக்கு மேல் ஒரே கோளாறுதான்: விகுதி தொடங்கும் இடத்தில் சொல்லை வெட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ரிமார்க்-அபிள்' (குறிப்பிடத்தக்க) என்று அப்படி வெட்டுவது உண்டு. பிரெஞ்சில் 'ரெ-மார்-கா-ப்ல்' என்றுதான் அசை பிரியும். பத்தியின் மொழி ஆங்கிலம் என்றே கணினியில் விட்டிருப்பார்கள், முதலில் அதைப் பார்.

'ஏமாப்ல்' (அன்பான) என்பதை எடுத்துக்கொள். பகுதி 'ஏம்', விகுதி 'ஆப்ல்'. இலத்தீன் 'ஆபிலிஸ்' தேய்ந்து வந்த விகுதி அது. அசை என்று வரும்போது ஏ-மா-ப்ல். பாலும் ஆடையும் சேர்ந்தால் பா-லா-டை என்று மெய் அடுத்த உயிர்மேல் ஏறிக்கொள்கிறதே, அதேதான். உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் என்றால் பின்னால் போகும்; இரண்டு என்றால் நடுவில் வெட்டு: போர்-தா-ப்ல் (எடுத்துச்செல்லத்தக்க). ஆனால் ப், க் போன்ற வெடிப்பொலியை அடுத்து 'ல்', 'ர்' வந்தால் அந்த ஜோடியைப் பிரிக்காதே. 'போசிப்ல்' (சாத்தியமான) எழுத்தில் இரண்டு எஸ். உச்சரிப்பில் ஒன்றுதான் என்றாலும் தாளில் இரண்டுக்கும் நடுவே வெட்டலாம்.

உன்னைத் திணறடித்த 'அக்ரேஆப்ல்' (இனிமையான) உண்மையிலேயே பொல்லாத சொல். அசை நான்கு: அ-க்ரே-ஆ-ப்ல். முதல் அசை ஒற்றை எழுத்து, அதைத் தனியாக வரிக்கடைசியில் விட முடியாது. இரண்டு உயிர்களுக்கு நடுவே கறாரான அச்சகத்தார் வெட்டமாட்டார்கள். மிஞ்சுவது கடைசி 'ப்ல்'. கடைசி உயிர் ஒலிக்காத அந்த ஊமை அசையை அடுத்த வரிக்குத் தள்ளுவதும் அழகில்லை. முறிக்காமல் வரியின் இடைவெளியைச் சரிசெய்வதே மேல்.

எழுத்துக்கூட்டலில் இன்னொரு பொறி. 'நவிகாப்ல்' (கப்பல் செல்லத்தக்க) இலத்தீனில் முழுச்சொல்லாகவே இருந்தது, அதனால் அதன் வினைச்சொல்லில் ஜி-க்குப் பின்னால் நிற்கும் யு இதில் கிடையாது. 'ரெமார்காப்ல்' பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. வினையின் க்யு-யு அப்படியே தங்கிவிட்டது. இரண்டையும் ஒரே விதியில் அடக்கப் பார்த்தால் ஒன்று பிழையாகும்.

'ஆலிஸ்' என்ற இலத்தீன் விகுதி பிரெஞ்சுக்கு இரண்டு வழியில் வந்தது. மக்கள் வாயில் புழங்கித் தேய்ந்தது 'எல்': மோர்தெல் (சாகக்கூடிய). படித்தவர்கள் பின்னால் எடுத்துக்கொண்டது 'ஆல்': நாசியோனால் (தேசிய). முதலாவதற்குப் பன்மையில் ஓர் எஸ் சேர்த்தால் போதும், அதுவும் ஒலிக்காது. இரண்டாவது 'நாசியோனோ' என்று மாறும். ஆனால் 'நவால்' (கடற்படை சார்ந்த), 'ஃபதால்' (விதிவசமான), 'நதால்' (பிறப்பு சார்ந்த) மாறாமல் எஸ் மட்டும் ஏற்கும். இப்படி இரு வழியில் வந்த இரட்டைகளில் எனக்குப் பிடித்தது 'ப்ரெமியே' (முதல்), 'ப்ரிமேர்' (தொடக்கநிலை): இரண்டும் இலத்தீன் 'பிரிமாரியுஸ்' பெற்ற பிள்ளைகள்.

செய்யுளில் அசை எண்ணுவது பற்றி நீ கேட்ட கணக்கு: 'ப்ரேசியே' (அருமையான) பேச்சில் இரண்டு அசை, மரபுச் செய்யுளில் மூன்று. இலத்தீனில் 'ப்ரெதி-ஓ-சுஸ்' என்று 'இ'யும் 'ஓ'வும் தனித்தனியாக நின்றதால் கவிஞர்கள் இன்னும் அவற்றைச் சேர்த்து எண்ணுவதில்லை. 'ப்ரெமியே'க்கு அந்தச் சலுகை இல்லை, இரண்டேதான். 'ஏமாப்ல்' சொல்லின் கடைசி ஊமை உயிரைச் செய்யுளில் எண்ணுவதால், அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் மூன்று, உயிரில் தொடங்கினால் அது மறைந்து இரண்டு.

இரண்டாம் பக்கத்தில் 'நவால்' சொல்லுக்கு 'நவோ' என்று தவறாகப் பன்மை போட்டிருக்கிறார்கள். அதை நீ கவனிக்கவில்லை, திருத்தி அனுப்பு.

உன்,
சேகர்