யாருக்கு விற்கப்போகிறாய், அதை முதலில் சொல்லு

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா எழுதுகிறேன். வாப்பாவும் தங்கச்சியும் சுகம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடைப் பட்டியலை உன் தங்கச்சி படித்துக் காட்டினாள், அப்புறம் நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். அல்வா, உடன்குடி கருப்பட்டி, கோவில்பட்டி கடலை மிட்டாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம், கடைசியில் நம்ம ஊர் பத்தமடைப் பாய். எல்லாம் ஒரே ஆன்லைன் கடையில். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் துபாய் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாயே, அதனால் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உன் பட்டியலில் சாமான் நிறைய இருக்கிறது, வாங்குகிற ஆள் யார் என்று ஒரு இடத்திலும் காணோம். அல்வா வேண்டும் என்கிறவர் திருநெல்வேலி டவுனில் இன்ன கடை அல்வா என்று பேர் சொல்லித்தான் கேட்பார், உன் கடையை அவர் ஏன் தேடப்போகிறார்? கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, செய்கிறவர்களே நேராக அனுப்புகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து விளம்பரத்துக்குக் காசு கொட்டினால் உன் சேமிப்பு தாங்காது.

பாயை மட்டும் எடு. அதிலும் எல்லாப் பாயையும் எடுக்காதே. படுக்கிற சாதாரணப் பாயை பிளாஸ்டிக் பாய் எப்போதோ தின்றுவிட்டது, விலையில் அதோடு மல்லுக்கு நிற்க முடியாது. நமக்கு மிச்சம் இருப்பது, இந்தப் பாய்தான் வேண்டும், வேறு ஆகாது என்று கேட்கிற கொஞ்சம் பேர். கல்யாண வீட்டுக்காரர்கள் மணமக்கள் பேர் நெய்த பட்டுப்பாய் கேட்கிறார்கள், அது உனக்கே தெரியும். அது முகூர்த்த மாதங்களில் ஓடும், மற்ற நாளில் தறி சும்மா கிடக்கும். நான் யோசிப்பது யோகா செய்கிறவர்களை.

சிவானந்த சுவாமிகள் 1887இல் நம்ம ஊரில் பிறந்தவர். ரிஷிகேசத்தில் 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தொடங்கினார், அவர் வழியில் யோகா படித்தவர்கள் வெளிநாடுகளில் எவ்வளவோ பேர். அவர் பிறந்த ஊரில், ஆற்றங்கரைக் கோரையில், கையால் நெய்த பாயில் உட்கார்ந்து யோகா செய்யலாம் என்றால் அவர்களுக்கு அது வெறும் பாய் இல்லை. ரப்பர் நாற்றம் பிடிக்காதவர்களும், பிளாஸ்டிக்கே வீட்டில் வேண்டாம் என்கிறவர்களும் தனியாக இருக்கிறார்கள். கொஞ்சம் பேர்தான், ஆனால் விலை பேசாமல் வாங்குகிற கொஞ்சம் பேர்.

சும்மா ஊகமாகச் சொல்லவில்லை மகனே. வாட்ஸ்அப்பில் பாய் விசாரிக்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். விலையைவிட அதிகம் வருகிற கேள்வி, 'டைல்ஸ் தரையில் நழுவுமா?' அடுத்தது, 'பூஞ்சை பிடிக்குமா?' அதற்கும் அடுத்தது, 'ஓரம் பிரிந்து வருமா?' பாய் நழுவத்தான் செய்யும், அடியில் ஏதாவது பிடிமானம் வைத்துத் தைக்க வேண்டும். அந்த ஒன்றைச் சரியாகச் செய்து, படத்தில் பளிச்சென்று காட்டினவனுக்குத்தான் ஆர்டர்.

நீயும் இதே வேலையை அங்கிருந்து செய். கூகுளில் கோரைப்பாய் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அடித்துப் பாதியில் நிறுத்து, கீழே அதுவாக என்னென்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள். கூகுள் ட்ரெண்ட்ஸில் எந்த நாட்டில், எந்த மாதத்தில் தேடுகிறார்கள் என்று பார். அமேசானில் இந்த மாதிரிப் பாய் விற்கிறவர்களுக்கு மூன்று ஸ்டார் போட்டவர்கள் எழுதினதை விடாமல் படி. ஐந்து ஸ்டார்காரர் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார், ஒரு ஸ்டார்காரர் கோபத்தில் கத்துவார், மூன்று ஸ்டார்காரர்தான் எது குறை என்று பொறுமையாகச் சொல்வார்.

விலையையும் கோரை, நூல், கூலி என்று மட்டும் கூட்டாதே. தையல், சுருட்டி அனுப்புகிற அட்டைக் குழாய், கூரியர், ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற கம்பெனியின் பிடித்தம், திரும்பி வருகிற பாய், எல்லாம் உண்டு. கைவினைப் பொருள் விற்கிற எட்ஸி தளத்தில் ஒரு பொருளை நாலு மாதம் காட்சிக்கு வைக்க 20 அமெரிக்க சென்ட், விற்றால் அனுப்பும் செலவையும் சேர்த்த தொகையில் 6.5 சதவீதம். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, 2023 அக்டோபரிலிருந்து மாநிலத்துக்குள் மட்டும் ஆன்லைன் தளம் வழியாக விற்கிற சின்ன வியாபாரிக்கு வருட விற்பனை வரம்பு தாண்டும் வரை பதிவுக் கட்டாயம் இல்லை. தளம் வழியாக வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் பதிவு வேண்டும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

யூடியூப் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. நீளமான வீடியோ என்றால் விளம்பரக் காசுக்கு 1,000 சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அதை நம்பி அடுப்பெரிக்க முடியாது. கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, நூல் மாதிரி கிழிக்கிறதை உள்ளபடி காட்டு. அதைப் பார்த்தவன் விலை ஏன் இவ்வளவு என்று கேட்க மாட்டான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நுணுக்கமான பாய்க்கு வாரக்கணக்கில் தறியில் குனிந்து உட்கார வேண்டும், கண்ணும் இடுப்பும் போய்விடும். இங்கே நெய்கிறவர்கள் பெரும்பாலும் நம்ம தெருப் பெண்கள். நிறைய ஆர்டர் வருகிறது என்று அவர்களை நெருக்காதே, விலையைக் குறைக்க அவர்கள் கூலியில் கை வைக்காதே. மாதம் இத்தனை பாய்தான் என்று கடையிலேயே எழுதிப் போடு, வேண்டியவர்கள் காத்திருக்கட்டும்.

வேலையை இப்போதே விடாதே. முதலில் நமக்கு முன்பின் தெரியாத ஆட்கள் முன்பணம் கட்டட்டும். மாமா, மச்சான், கூட்டாளிகள் 'சூப்பர் ஐடியா' என்பதெல்லாம் கணக்கில் வராது. பேர் தெரியாத ஒருவர் ஜிபேயில் பாதிப் பணம் போட்டுவிட்டு எப்போது வரும் என்று கேட்கிறார் பார், அதுதான் கணக்கு. அப்படிப்பட்டவர்கள் விட்டுவிட்டு வராமல், மாதாமாதம் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு டிக்கெட் போடு. கடைக்கான வெப்சைட்கூட அதற்கு அப்புறம் போதும்.

மாதிரிக்குச் சில பாய் நெய்யச் சொல்லியிருக்கிறேன். ரெண்டடி அகலம் சரி, நீளம் ஆறடியா, ஆறரையா? நீ பார்க்கிற யோகா வகுப்பில் விசாரித்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்லு. அடியில் என்ன வைத்துத் தைப்பது என்றும் கேட்டு வை.

துஆவுடன்,
உம்மா