கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம்: கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் இருக்கும் பழைய தானியக் கட்டடமான கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியத்துக்குக் கூட்டிப்போனோமே, அதற்காக நான் எழுதிய நாலு பக்கக் கையேட்டைப் பலரும் பாராட்டினீர்கள். அதில் பாதிக்கு மேல் உங்களுடைய உழைப்பு. அதைச் சொல்லாமல் இருந்தால் ராத்திரி தூக்கம் வராது.

முதலில் சரித்திரம் படித்த அக்காவுக்கு. நான் தலைப்பிலேயே 'தசமபாகக் களஞ்சியம்' என்று போட்டிருந்தேன். ஊரார் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்கு அளந்ததாகவும் அது இங்கே குவிந்ததாகவும் ஒரு கதை வேறு. அக்கா அதை அடித்துவிட்டு, 'இது காணிக்கை வாங்கி வைத்த இடம் இல்லை, மடத்தின் சொந்தப் பண்ணை' என்று பென்சிலில் எழுதி அனுப்பினார். இங்கிலாந்தின் ஜான் மன்னர் 1203, 1204 வாக்கில் சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகளுக்குக் கொடுத்த நிலம் இது. அவர்களுடைய மடமோ தெற்கே நியூ ஃபாரஸ்ட் என்ற காட்டுப் பகுதியில், பியூலி என்ற ஊரில், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தூரத்தில் இருந்தவர்கள் தங்கள் விளைச்சலைப் போட்டுவைக்கக் கட்டியதுதான் இந்தக் களஞ்சியம். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் காலம் 1292 வாக்கில் என்று தெரிந்திருக்கிறது. அக்கா திருத்தாவிட்டால் முப்பது பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

அடுத்து, கும்பகோணம் பக்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் பேசிய ஆசாரி மாமாவுக்கு. மரவேலைக்குத் தமிழ்ச் சொல் தெரியாமல் படத்தை மட்டும் அனுப்பினேன். "இது தூலம்ப்பா, மேலே சாய்ந்து போவது கைமரம். தூணிலிருந்து தூலத்துக்குச் சரிவாகப் போவது முட்டு. எல்லாம் நம்ம வேலைதான், மரம்தான் வேற" என்றார். ஓக் மரம். இரண்டு வரிசைத் தூண்கள் 152 அடி நீளக் கட்டடத்தை நடுக்கூடமும் இரு பக்க ஓரங்களுமாகப் பிரிக்கின்றன. அகலம் 44 அடி, உயரம் 48 அடி. இணைப்புகளில் துளையும் நாக்கும் மர முளையும். ஒவ்வொரு தூணும் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கல் பீடத்தில் நிற்பதைக் காட்டியதும் மாமா சிரித்தார். "ஈரம் ஏறினா அடி உளுத்துடும். அதைத் தெரிஞ்சு வெச்சிருக்கான்." பிள்ளைகளில் உயரமானவன் கையைத் தூக்கி எம்பிப் பார்த்தான், மரம் எட்டவே இல்லை.

கூரைக்கு ஓடு கல்லில்தான். கீழ் வரிசையில் பெரிய பலகைகள், மேலே போகப்போகச் சின்னது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது நான் இல்லை, ஏழு வயதுக்காரி ஒருத்தி. அவளுக்குத் தனி நன்றி.

களத்தைப் பற்றி விளக்கிய யாழ்ப்பாணத்து ஐயாவையும் மறக்க முடியாது. "இஞ்ச மழை நிண்டால்தானே வெளியில சூடடிக்கலாம்?" என்று கேட்டு, பிள்ளைகளை எதிரெதிர் வாசல்களுக்கு நடுவே நிறுத்தினார். அறுத்த கதிரைக் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்து, குளிர்காலத்தில் இந்த இடத்தில்தான் அடிப்பார்கள். இரண்டு கதவையும் திறந்தால் காற்று குறுக்கே ஓடும், பதர் பறந்துவிடும். நம் களத்துமேட்டை ஒரு கூரைக்குள் இழுத்துவந்தது மாதிரி. அன்றைக்கும் நல்ல காற்று. கையேடு இரண்டு பறந்தே போயின.

அப்புறம், இதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள். மடம் 1538-ல் கலைக்கப்பட்ட பின் நிலம் தனியார் கைக்குப் போனது. பக்கத்துக் கெல்ம்ஸ்காட் ஊரில் இருந்த கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மோரிஸ் தன் விருந்தாளிகளை இங்கே அழைத்துவந்து காட்டுவாராம். பயணத் தொழில் தாமஸ் குக்கின் பேரன் எர்னஸ்ட் குக் எழுதிவைத்த உயிலின்படி 1956-ல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் களஞ்சியம் வந்தது. உள்ளே வாசலில் காசு போட ஒரு பெட்டி இருக்கிறது. அதில் போடச் சில்லறை கொடுத்த பெற்றோருக்கும் நன்றி.

கையேட்டை அச்சடித்த கடையில் மூன்றாம் பக்கத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். ராத்திரி உட்கார்ந்து அத்தனை பிரதியையும் பிரித்து மறுபடி பின் அடித்த தம்பிக்கு ஒரு பிரியாணி கடன்பட்டிருக்கிறேன்.

புளியோதரை கொண்டுவந்த எவர்சில்வர் டப்பா ஒன்று என் வீட்டில் இருக்கிறது. மூடி யாரிடம் இருக்கிறதோ, சொல்லுங்கள்.