பதக்கம் வேண்டாம், வாரம் 40 நிமிடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம். ஒரு நாள் பேரணி, ஒரு நாள் முதியோர் இல்லம், ஒரு நாள் மரக்கன்று என்று ஆண்டுத் திட்டத்தில் எழுதி முடிப்பதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளைப் பிறருக்கு உதவப் பழக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். கேட்பது இரண்டே. அந்த ஒரு நாள் நிகழ்ச்சிகளுக்குப் பதிலாக இந்தப் பழக்கத்துக்கு வாரம் 40 நிமிடம் ஒதுக்குங்கள். அதற்குப் பரிசு, பதக்கம், மதிப்பெண் எதையும் வைக்காதீர்கள்.

பரிசு இல்லாமல் பிள்ளைகள் செய்வார்களா என்பீர்கள். செய்வார்கள். உளவியல் ஆய்வாளர்கள் பெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் கை நழுவ விட்ட பொருளை 18 மாதக் குழந்தைகள் தாங்களாகவே எடுத்துக் கொடுத்தார்கள். 2008இல் அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள்: உதவியதற்கு விளையாட்டுப் பொருள் வாங்கிப் பழகிய 20 மாதக் குழந்தைகள், அது நின்றதும், எதுவும் வாங்காத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். வகுப்பில் நட்சத்திரம் ஒட்டும் அட்டையை மாட்டினால் நடப்பதும் இதுதான். ஆசிரியர் பார்க்கும்போது கீழே கிடக்கும் பென்சிலை எடுக்க நான்கு கைகள் நீளும். அவர் திரும்பிக்கொண்டால் பென்சில் அங்கேயே கிடக்கும்.

முதல் இரண்டு வாரம் எதையும் செய்ய வேண்டாம், பார்த்தால் போதும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, பள்ளியையும் அதைச் சுற்றிய தெருக்களையும் 20 நிமிடம் நடந்து வாருங்கள். “இங்கே யாருக்கு என்ன கஷ்டம்?” என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒரு படம் வரையட்டும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாத குழாய், இடைவேளையில் சுவரோரம் தனியாக நிற்கும் பிள்ளை, காத்திருக்கும் தாத்தாவுக்கு உட்கார இடமில்லாதது என்று நம் கண்ணில் படாதவையெல்லாம் அவர்கள் உயரத்திலிருந்து தெரியும். வந்த யோசனைகளில் பிள்ளைகளின் கையாலேயே முடிவதும், வாராவாரம் செய்யக்கூடியதும் மட்டும் நிற்கட்டும். அத்தோடு, யாருக்காகச் செய்கிறோமோ அவரிடமே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். பிறகு பிள்ளைகள் கை தூக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். ஆசிரியருக்கு அதில் ஓட்டு வேண்டாம். ஆபத்தானதை மட்டும் அவர் தடுத்தால் போதும்.

தனியாக நிற்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். தனியாக இருக்கும் பிள்ளை வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் சேர்த்துக்கொள்வதற்கென்று பல பள்ளிகள் ‘நட்பு பெஞ்சு’ ஒன்றைப் போட்டு வண்ணம் அடிக்கின்றன. சில வாரத்தில் அதில் உட்காருவதே வெட்கம் என்றாகிவிடும். உட்கார்ந்த பிள்ளையிடம் யாரும் வராமல் மணி அடித்துவிட்டால், அந்தப் பிள்ளை மறுபடி அங்கே போகாது. ஆகவே பெஞ்சுக்கு முன் ஆள் தேவை. நாளுக்கு இருவர், முறை வைத்து. பெஞ்சு மூலையில் இல்லாமல் ஆட்டம் நடக்கும் இடத்தின் ஓரத்தில் இருக்கட்டும், கதை பேசவும் படம் வரையவும் எல்லோரும் வந்து உட்காரும் இடமாக. அழைக்கும் வாக்கியத்தையும் வகுப்பில் நடித்துப் பழக்குங்கள். “விளையாட வர்றியா?” என்றால் கூச்சப்படும் பிள்ளை தலையாட்டி மறுத்துவிடும். “எங்களுக்கு ஒரு ஆள் குறையுது, நீ இந்தப் பக்கம் நில்லு” என்றால் எழுந்து வரும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே ஓராண்டுக்குப் போதுமான வேலை.

முதியோர் இல்லத்துக்கு அறுபது பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் பாட்டுப் பாடித் திரும்புவது வேண்டாம். சத்தத்தில் காது மந்தமானவர்களுக்கு எதுவும் புரியாது, யார் பெயரும் யாருக்கும் தெரியாது. அதே ஐந்து பிள்ளைகள், அதே பெரியவர்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம். காதருகே கத்தாமல் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிதானமாகப் பேசக் கற்றுக்கொடுங்கள். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளை அன்று போகக் கூடாது. கடைசிச் சந்திப்பு எது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுபோனால் அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத அகலத் தட்டும் நடுவில் ஒரு கல்லும் போதும். ஆனால் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசு வர ஏழெட்டு நாளே போதும். தினமும் தண்ணீரை மாற்றி, வாரம் இருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். விடுமுறையில் யார் என்று பெயர் எழுதப்படவில்லையென்றால் தட்டைக் கவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும். மரக்கன்றுக்கும் இதே கேள்விதான்: நட்ட பிறகு ஊற்றப்போவது யார்? ஆளில்லையென்றால் ஏற்கெனவே நிற்கும் மரத்தைப் பார்த்துக்கொள்வதே மேல்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றிப் புகைப்படம் எடுக்காதீர்கள். வகுப்பு மூலையில் பென்சில், ரப்பர், நோட்டு வைத்த ஒரு தட்டு இருக்கட்டும். வேண்டியவர் எடுக்கட்டும், இருப்பவர் வைக்கட்டும், கணக்கு வேண்டாம். எல்லோரும் எடுக்கிற இடத்தில் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு எவ்வளவு உண்மையான பங்கு கிடைக்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்ட ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப் வழியாக வெளியிட்ட ‘ஏணி’ வரைபடத்தில், அவர்களை அலங்காரமாக நிறுத்துவது கீழ்ப் படிகளில் ஒன்று. தனக்கு அர்த்தம் தெரியாத வாசகத்தைப் பிடித்தபடி வெயிலில் நடக்கும் பிள்ளையும் அந்தக் கீழ்ப் படிகளில்தான் நிற்கிறது.

அடுத்த ஆண்டுக் கால அட்டவணையை முடிவு செய்யும்போதே இந்த 40 நிமிடத்தைப் பள்ளி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். பள்ளி விட்ட பின் வைத்தால், அழைத்துப்போக ஆள் காத்திருக்கும் பிள்ளைகள் மட்டுமே தங்குவார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பிரிவோடு தொடங்குங்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் இந்த வகுப்பைத்தான் முதலில் கணக்குப் பாடத்துக்குக் கேட்பார்கள். அப்போது விட்டுக்கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
இந்த வேலையில் இருக்கும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும்